வெயில் சவரி அன்று குடித்திருக்கவில்லை

என் உயிரான சவரி அண்ணனுக்கு,

உன்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாகிறது! பட்டறையில் தனியாக இருக்கும்போது சில நேரம் வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கிறேன். பதில் வராது என்று தெரிந்தும் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பேன். இன்றைக்கு எழுதியே விடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். இதை ஊரும் படிக்கட்டும். உன்னைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்?

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். பட்டறையை நான் மூடவில்லை. குழாய் பற்றவைக்கிற வேலையை நானே செய்கிறேன். முதலில் போட்ட பற்றெல்லாம் கொழுக்கட்டை மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. இப்போது பரவாயில்லை. ஸ்ரீபெரும்புதூரில் சலூன் வைத்திருக்கிற ராஜு கடைக்கு நீ போட்ட வெயில் பெட்டி இன்னும் வெந்நீர் கொடுக்கிறது. ஷேவிங்குக்கு வருகிறவர்களிடம், "இது வெயில் சவரி போட்டது" என்று சொல்கிறானாம். உன் பேரை நல்லபடியாகச் சொல்கிற ஒரே கடை அது.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ அம்பத்தூரில் லாரிக்கு ரேடியேட்டர் செய்கிற கம்பெனியில் செம்புக் குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்தாய். கம்பெனியை லாக்-அவுட் செய்தார்கள். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தபோது, நீ மெட்ராஸில் ஏதோ லாட்ஜின் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு மண்ணூருக்கு ஓடி வந்தாய். வாசலிலேயே நின்று கத்தினாய்: "பிலோ, வெறகு இல்ல, கரண்ட் இல்ல, தண்ணி கொதிக்குது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினாய். மேலே கண்ணாடி, உள்ளே கறுப்புத் தகடு, தகட்டோடு ஒட்டிய செம்புக் குழாய். வெயில் பட்டுக் குழாயில் சூடாகிற தண்ணீர் தானாகவே மேலே இருக்கிற டேங்குக்கு ஏறும். டேங்கிலிருக்கிற பச்சைத் தண்ணீர் அந்த இடத்துக்கு இறங்கும். மோட்டார்கூட வேண்டாம். "லாரி ரேடியேட்டரு தண்ணியக் குளுர வெக்குது. இது சூடு ஏத்துது. வேல ஒண்ணுதான்" என்றாய். மாட்டுக் கொட்டகையைப் பட்டறை ஆக்கினோம். நீ பற்றவைத்தாய், நான் தகட்டுக்குக் கறுப்பு அடித்தேன். அந்தக் கறுப்பு என் நகத்தை விட்டுப் போகவே இல்லை. இன்றும்தான்.

டீக்கடையில் உன்னை என்னவெல்லாம் கேலி செய்தார்கள்! "இன்னா சவரி, வெயில வித்துகினு கீறியாமே? எங்க வூட்டு வாசல்ல சும்மாவே கொட்டிக் கெடக்குது, அள்ளிகினு போயேன்." நீ கோபித்துக்கொள்ளவே மாட்டாய். "அள்ளத்தான் போறேன். மார்கழியில நீயே வந்து ஒரு பக்கெட்டு கேப்ப பாரு" என்பாய். அப்படியே கேட்டும் வந்தார்கள். வெயில் சவரி என்று அவர்கள் கேலிக்கு வைத்த பேரையே பட்டறைக் கதவில் பெயிண்டில் எழுதிவிட்டாய். இரண்டு வாத்தியார் வீடு, பங்குச் சாமியார் பங்களா, ஒரு சாயப் பட்டறை, ராஜுவின் சலூன் என்று வேலை வர ஆரம்பித்தது.

நீ குடிக்கவே மாட்டாய் என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. அம்பத்தூரில் சம்பளம் வாங்கிய காலத்தில் எப்போதாவது கூட்டாளிகளோடு குடித்துவிட்டு வருவாய். அம்மா வாசலிலேயே மறித்து, "ஊது" என்பாள். நம் அப்பாவைக் குடிக்குக் கொடுத்தவள் அவள். உன் வாய் நாறினால் அன்றைக்குச் சோறு போடமாட்டாள், பேசமாட்டாள். பட்டறை வைத்த பிறகு நீயே விட்டுவிட்டாய். "நெருப்போட வேல, கூர மேல ஏர்ற வேல. கை நடுங்கினா பூட்ச்சி" என்றாய். அம்மா அதற்குப் பிறகும் ஊதச் சொன்னாள். நீயும் சிரித்துக்கொண்டே ஊதினாய்.

அப்புறம் என் கல்யாணம் வந்தது. வடக்குப்பட்டு மாப்பிள்ளை. கம்பெனியில் ஃபிட்டர். அவர்கள் வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்று: ரோட்டோரம் புதிதாகக் கட்டியிருக்கிற மண்டபத்தில் விருந்து வைக்க வேண்டும். மண்டபத்துக்காரரிடம் போய் நீ பேசினாய். அவருக்குச் சமையலுக்கும் குளியலுக்கும் வெந்நீர் வேண்டும். விறகு பாய்லர் அவருக்குக் கட்டுபடியாகவில்லை. நீ பெட்டிகளைப் போட்டுக் கொடுப்பது, அவர் நம் கல்யாணத்துக்கு மண்டபத்தைச் சும்மா விடுவது என்று பேச்சு முடிந்தது. வீட்டுக்கு வந்து நீ என்னைத் தூக்கிச் சுற்றாத குறை.

இடம் பார்க்கப் போனபோது நானும் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மொட்டை மாடி காங்கிரீட், நல்ல வெயில், வைக்க வேண்டிய இடம் அதுதான். மண்டபத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "மாடில வேணாம்பா. அங்க கட்-அவுட்டு வெப்பாங்க, சீரியல் லைட்டு கட்டுவாங்க. கண்ணாடிப் பெட்டிய வெச்சா பாக்க அசிங்கமா இருக்கும். பின்னாடி சமையக்கட்டு மேல வெச்சிக்கோ."

"அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு சார். இப்பவே ரெண்டு எடத்துல வெடிச்சிருக்கு. தண்ணி ரொம்புனா வெயிட்டு தாங்காது. கீழேர்ந்து இரும்பு ஸ்டாண்டாவது போட்டுக் குடுங்க."

"பாக்கலாம் பாக்கலாம். நீ மொதல்ல வேலய ஆரம்பி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன், இது வேண்டாம் அண்ணா, கோயில் வாசலில் பந்தல் போட்டுக்கொள்ளலாம் என்று. நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உன் கல்யாணம் பிலோ. வுடு" என்றாய்.

அந்த 'வுடு' இருக்கிறதே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கோபம் மண்டபத்துக்காரர் மேல் மட்டும் என்று நினைக்காதே, உன் மேலும்தான். ஷீட்டு வெடித்திருந்ததை உன் கண்ணால் பார்த்தாய். விரலால் தடவிக்கூடப் பார்த்தாய். அப்புறமும் ஏறினாயே, யாரைக் கேட்டு ஏறினாய்? எனக்காக ஏறினாய் என்று தெரிந்துகொண்டு நான் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

ஸ்டாண்டு வரவில்லை. யாருடைய நிச்சயதார்த்தத்துக்கோ மண்டபம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கே வெந்நீர் வந்தாக வேண்டும் என்று மண்டபத்துக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசிக் கண்ணாடியை மாட்ட நீ காலையிலேயே கிளம்பிப் போனாய். அம்மா கொடுத்த பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனாய். மத்தியானம் நான் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் ஒருவர் வந்து பட்டறை வாசலில் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உன் முகத்தை மூடியிருந்தார்கள். உன் சட்டையில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. ஏன் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். வராந்தாவில் மண்டபத்துக்காரர் போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் தெளிவாகக் கேட்டது: "குடிச்சிட்டு ஏறிட்டாம்பா. நான் வேணாம் வேணாம்னேன், கேட்டாத்தானே?"

நான் வெளியே ஓடினேன். "எங்கண்ணன் குடிக்கல சார்! கிட்ட வந்து மோந்து பாருங்க சார்!" என்று கத்தினேன். போலீஸ்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ ஒரு அம்மாள் என்னைத் தோளில் பிடித்து உட்காரவைத்தார். ஷீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. குடிகாரன் விழுந்தான், முடிந்தது.

அதையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். அம்மாவும் நம்பிவிட்டாள் அண்ணா.

உன்னைக் கொண்டு வந்து வீட்டில் கிடத்தியபோது அவள் உன் பக்கத்தில் வரவில்லை. சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, "அப்பனுக்குப் புள்ள" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன் பேரைச் சொல்லவில்லை. உன் படத்தை மாட்டவிடவில்லை. நான் அழுதும், சண்டை போட்டும், பட்டினி கிடந்தும் பார்த்தேன். "நீ பாத்தியா? நீ அங்க இருந்தியா?" என்பாள். நான் இருக்கவில்லையே. கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பிப் போனபோது இவள் அப்பா கல்லறைக்கும் வரவில்லை, உன் கல்லறைக்கும் வரவில்லை. நான் மட்டும் வந்தேன்.

வடக்குப்பட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். துக்கம் விசாரிக்க என்று நினைத்தேன். "அப்பா குடிச்சி செத்தாரு, அண்ணன் குடிச்சி செத்தான். எங்களுக்கு பயமா கீதுமா" என்றார். மாப்பிள்ளை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ உயிரைக் கொடுத்து வாங்கிய கல்யாணம் அப்படிப் போனது. எனக்கு அந்த ஆள்மேல் வருத்தம்கூட வரவில்லை. உனக்காகத்தான் வயிறு எரிந்தது.

இரண்டு வருஷம் போனது. போன மாசம் மண்டபத்துக்காரர் மொபெட்டில் ஆள் அனுப்பினார். டேங்கு ஒழுகுகிறதாம். மெட்ராஸ் மெக்கானிக் பார்த்துவிட்டு, இது வேறு ஆள் கை வேலை, போட்டவரையே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டானாம். போட்டவரைக் கூப்பிட முடியாதே, என்னைக் கூப்பிட்டார். போனேன்.

அண்ணா, சமையல்கட்டுக்கு மேல் இப்போது காங்கிரீட் கூரை. பெட்டிகளுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு. நீ கேட்டது எல்லாமே இருக்கிறது. பெயிண்ட் அடித்து, அழகாக. அதைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ செத்த பிறகு கிடைத்த ஸ்டாண்டு, நீ இருக்கும்போது ஏன் கிடைக்கவில்லை?

மண்டபத்துக்காரர் ஆபீஸ் ரூமில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க அண்ணன் வேல நல்ல வேலம்மா. ஒரு கொறயும் சொல்ல முடியாது. டேங்கு மட்டும் கொஞ்சம் பாத்துக் குடு" என்றார்.

"பாக்குறேன் சார். கூலியே வேணாம். நீங்க ஒருவாட்டி எங்க வூட்டாண்ட வந்து, அன்னிக்கு எங்கண்ணன் குடிச்சிருக்கலன்னு எங்கம்மா கிட்ட சொல்லணும். அது போதும்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. பொறுமையாக, கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி பேசினார்: "இங்க பாரும்மா. ஷீட்டு ஒடஞ்சி ஆளு செத்தான்னா எவன் இங்க வந்து தாலி கட்டுவான்? குடிச்சிட்டு வுழுந்தான்னா அது அவன் தலையெழுத்து, மண்டபத்துக்கு ஒண்ணுமில்ல. செத்துப் போனவன் இனிமே எந்த வேலைக்குப் போவப் போறான்? அவனுக்கு நல்ல பேரு இன்னாத்துக்கு?"

தெரிந்தேதான் சொன்னார் அண்ணா. அது வரைக்கும் எனக்கு மூலையில் ஒரு சந்தேகம் இருந்தது, அவரும் உண்மையிலேயே அப்படி நினைத்துவிட்டாரோ என்று. இல்லை. தெரிந்தே சொல்லியிருக்கிறார். நான் சாமான் பையை எடுத்துக்கொண்டேன். "அப்ப வெறகு வெச்சே காச்சிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டீயைக் குடிக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, பின்னாலிருந்து ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். இடுப்பில் மஞ்சள் கறை படிந்த துண்டு. மண்டபத்துச் சமையல்காரர் ஏகாம்பரம். "நீ சவரி தங்கச்சிதானே? உள்ள பேசுனது காதுல வுழுந்துச்சி" என்றார். அப்புறம் ரோட்டில் போகிற லாரிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னிக்கு நான் அடுப்பாண்டதான் இருந்தேன்மா. எல்லாத்தையும் பாத்தேன்."

"எங்கிட்ட சொல்ல வேணாண்ணா. எங்கம்மா கிட்ட வந்து சொல்லுங்க" என்றேன். கை எடுத்துக் கும்பிட்டார். பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை போய்விடும் என்றார். பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யாரையும் எதிர்பார்க்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

ஆனால் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் அம்மாவும் வீட்டுக்குள் நுழைகிறோம், பின்னாலேயே வந்து நிற்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, ஒம் புள்ள அன்னிக்கு குடிக்கலமா. காலைலேர்ந்து எங்கூடத்தான் பேசிகினு இருந்தாரு. தங்கச்சி கல்யாணத்துக்கு நாந்தான் சமைக்கணும்னு கேட்டுகினு இருந்தாரு. கண்ணாடியத் தூக்கிகினு மேல போனாரு. ரெண்டு அடி வெச்சிருப்பாரு, ஷீட்டு பொளந்துகிச்சி. கண்ணாடியோட நேரா அடுப்பு மேட்டு மேல வுழுந்தாரு. பக்கத்துல சோத்து அண்டா தொறந்து இருந்திச்சி."

அம்மா பூசைக்குப் போட்டிருந்த முக்காட்டைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"உயிரு இருந்துச்சிமா. கண்ணத் தொறந்து என் கையப் புட்ச்சிகினாரு. அம்மான்னோ அய்யோன்னோ சொல்லல. 'சோத்துல கண்ணாடி வுழுந்துட்ச்சி, யாருக்கும் போட்டுராத'ன்னாரு. அதயே திருப்பித் திருப்பி சொன்னாரு. நான் போடமாட்டேன்னு சொன்னப்புறம்தான் கைய வுட்டாரு."

ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னார். உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மண்டபத்துக்காரர் சமையல்கட்டுக்கு வந்தாராம். மேலாகத் தெரிகிற கண்ணாடியைப் பொறுக்கிவிட்டுப் பந்தி போடச் சொன்னாராம். இவர் கேட்கவில்லை. அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வேறு உலை வைத்திருக்கிறார். "அது ஒண்ணுதான் என்னால செய்ய முடிஞ்சிதுமா. போலீஸ் வந்தப்போ மொதலாளி சொன்னத நானும் சொல்லிட்டேன்."

அந்தப் பருக்கைகளை நான் உன் சட்டையிலிருந்து எடுத்தேனே அண்ணா. அவை எங்கிருந்து வந்தன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா அவரைத் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "நீ சாப்ட்டியாப்பா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அம்மா தரையில் சரிந்தாள். "தெனம் ஊது ஊதுன்னு கேட்டவ, அன்னிக்கு மட்டும் கிட்டயே போவலியே. எவனோ சொன்னத நம்பிட்டனே. எம் புள்ளய நானே குடிகாரன்னு பொதச்சிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் பிடிக்கவில்லை. பிடிக்க மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். இரண்டு வருஷம் நான் தனியாக அழுதேன், நீயும் கொஞ்சம் அழு என்று இருந்தது.

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். அம்மா வந்தாளே, பார்த்தாயா? உன் சிலுவையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு பக்கத்துக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் போனாள். "எம் புள்ள குடிக்கல. சோத்துல கண்ணாடி கீது, யாருக்கும் போடாதன்னு சொல்லிட்டு செத்தான்" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொன்னாள். சிலர் நின்று கேட்டார்கள். சிலர் தலையாட்டிவிட்டு, காற்றில் அணையப் பார்க்கிற திரியைக் கையால் மறைத்தார்கள். ஒரு பெரியவர், "அதான் முடிஞ்சி போச்சேம்மா, இப்ப இன்னாத்துக்கு?" என்றார். பொய் ஒரு மத்தியானத்தில் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. உண்மையை நம் அம்மா கல்லறை கல்லறையாக நடந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்ற சேதி ஒன்றும் உனக்குச் சந்தோஷம் தராது. ஏகாம்பரம் நம் வீட்டுக்கு வந்தது எப்படியோ தெரிந்து, மண்டபத்துக்காரர் அவரை நிறுத்திவிட்டார். இப்போது ரோட்டோரம் புதிதாக வந்திருக்கிற கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறார். மாஸ்டராக இருந்தவர். நீ போட்ட பெட்டிகளைக் கழற்றி மண்டபத்துக்குப் பின்னால் முள்வேலியோரம் போட்டிருக்கிறார்கள். மறுபடியும் விறகு பாய்லர் எரிகிறது. மண்டபத்துக்கு முகூர்த்த நாளெல்லாம் கூட்டம்தான். ஒன்றும் குறையவில்லை. அவருக்கு ஒரு ராத்திரித் தூக்கம்கூடக் கெட்டிருக்காது.

மன்னித்துவிடு மகளே என்கிறார் சாமியார். அவர் குளிக்கிற வெந்நீரும் நீ போட்டதுதான். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பே கேட்காத ஆளை எப்படி மன்னிப்பது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் பட்டறையிலிருந்து போகிற எந்தப் பெட்டியும் இனி ஷீட்டுக் கூரைமேல் ஏறாது. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு கடையிலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். "இதுல ஏறினா ஒண்ணும் ஆவாதும்மா" என்று யாராவது சொன்னால், அங்கேயே உட்கார்ந்து உன் கதையை முழுசாகச் சொல்வேன். எந்த ரோடு, எந்த மண்டபம், யார் ஸ்டாண்டு போடவில்லை, கடைசியில் நீ என்ன சொன்னாய், எல்லாம். வேலை போனால் போகட்டும். அவர் ஒரே ஒரு போலீஸ்காரரிடம் சொன்னார். நான் கூரை இருக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
பிலோமினா
மண்ணூர்